காற்றின் தவணையும் கடலின் எல்லையும்

தொண்டி, நம்புதாளை முதலிய கடற்கரை ஊர்களில் விழாக் காலங்களில் பாய்மரப் படகுப் போட்டிகள் நடைபெறுவதை நாம் அறிவோம். விசைப்படகுகள் பெருகிவிட்ட இந்நாளில் அவற்றை வெறும் கேளிக்கையெனக் கருதுவோர் உண்டு. நம் பார்வையில் அவை ஒரு பழங்கல்வியின் எச்சம். பின்காற்றில் பாய் விரித்து ஓடுவது எளிது. எதிர்க்காற்றிலோ நேரே செல்ல இயலாது. இடமும் வலமுமாகச் சாய்ந்து சாய்ந்தே முன்னேற வேண்டும். எந்தக் கணத்தில் பாயை மறுபுறம் மாற்றுவது, காற்று வரும் பக்கத்துப் பலகையில் எத்தனை பேர் ஏறிப் பாரம் கொடுப்பது என்பவற்றில்தான் வெற்றி அடங்கியிருக்கிறது. தொலைவில் நீர்ப்பரப்பு கறுத்துச் சிலிர்ப்பதைக் கண்டே, காற்று வலுத்து வருவதை உணர்ந்துகொள்வர்.

வாடை, கொண்டல், சோழகம், கச்சான் என இம்மக்கள் காற்றுக்கு இட்ட பெயர்கள் திசையை மட்டும் குறிப்பன அல்ல. கச்சான் வீசும் மாதங்களில் மன்னார் வளைகுடா கொந்தளிக்கும். பாக் விரிகுடா ஓரளவு அடங்கியிருக்கும். வாடை தொடங்கியதும் நிலைமை தலைகீழாகும். இராமேசுவரம் தீவின் மீனவர் அதற்கேற்பக் கரை மாற்றித் தொழில் செய்தனர். ‘மவ்ஸிம்’ என்னும் அரபுச் சொல்லும் குறித்த பருவத்தையே சுட்டியது. ஐரோப்பியர் வாயில் அதுவே ‘மான்சூன்’ ஆயிற்று.

அரசுகளும் இந்தத் தவணைக்குக் கட்டுப்பட்டே இருந்தன. ஹிஜ்ரி 745இல் (1344) பயணி இப்னு பதூதா இலங்கையிலிருந்து மஅபர் எனப்பட்ட நம் கரையை நோக்கிக் கப்பலேறினார். காற்று மூர்க்கங்கொண்டது. தேர்ந்த மாலுமி ஒருவரும் தம் கப்பலில் இல்லை என அவரே வருந்துகிறார். பாறைகளில் மோதாமல் தப்பிய கப்பல் ஆழமற்ற நீரில் சிக்கவே, பாய்மரத்தை வெட்டி வீழ்த்தினர். அந்த ஆழமற்ற நீர் பாக் கடலாகவே இருத்தல் வேண்டும் என்பது நம் துணிபு.

கரையேறிய இப்னு பதூதா, மதுரை சுல்தான் கியாஸுத்தீன் தாமகானியைச் சந்தித்து, மாலத்தீவின்மீது படையெடுக்கத் தூண்டினார். (அங்கே காழியாக இருந்து, வஸீருடன் பிணங்கி வந்தவர் அவர் என்பதையும் நாம் மறத்தலாகாது.) சுல்தானும் இசைந்தார். ஆனால் கடற்படைத் தலைவர் குவாஜா ஸர்லக், இன்னும் மூன்று மாதங்களுக்கு அத்தீவுகளுக்குப் பயணம் இயலாது என்று கூறிவிட்டார். சுல்தான் அதை மறுக்கவில்லை. காத்திருக்குமாறு இப்னு பதூதாவைப் பத்தன் துறைமுகத்துக்கு அனுப்பினார். சீனப் பீங்கான் துண்டுகள் கிடைத்துள்ள பெரியபட்டினமே அத்துறைமுகம் என்பாரும் உளர். பின்னர் சுல்தான் இறந்தார். அவருக்குப் பின் வந்தவர் கப்பல்களைச் சித்தப்படுத்த ஆணையிட்டும், இப்னு பதூதா நோயுற்று இந்நாட்டை விட்டே நீங்கினார். அவர் விரும்பிய படையெடுப்பு நடைபெறவேயில்லை.

போர்த்துக்கீசியர் வந்தபின் ‘கர்த்தாஸ்’ என்னும் அனுமதிச்சீட்டு இல்லாமல் மரக்கலம் ஓட்டுவது ஆபத்தாயிற்று. கடலோடி காற்றோடு காகிதத்தையும் பார்க்க வேண்டிய காலம் அது.

விடுதலைக்குப் பின் அண்டை நாட்டின் நட்பை நாடிய இந்தியா, 1974 ஜூன் மாதம் இந்திரா காந்தி - சிறிமாவோ பண்டாரநாயக்க உடன்படிக்கை வழியாகப் பாக் நீரிணையில் எல்லை வகுத்தது. கச்சத்தீவு இலங்கையின் பக்கம் அமைந்தது. எனினும் இரு நாட்டுக் கலங்களும் மரபாக அனுபவித்த உரிமைகள் தொடரும் என்று அதன் ஆறாம் பிரிவு கூறிற்று. அதில் பழைய கடலின் குரல் சற்றே ஒலித்தது எனலாம். இரண்டே ஆண்டுகளில், 1976 மார்ச் 23 அன்று இரு நாட்டு வெளியுறவுச் செயலாளர்கள் பரிமாறிக்கொண்ட கடிதங்கள், ஒருவர் நீர்ப்பரப்பில் மற்றவர் அனுமதியின்றி மீன்பிடித்தலாகாது என்றன. கன்னியாகுமரிக்குத் தெற்கேயுள்ள வாட்ஜ் திட்டு இந்தியாவுக்கு உரியதாயிற்று. அந்த ஆதாயம் பாக் கடற்கரையின் வத்தைக்காரருக்கு எட்டாத தொலைவில் இருந்தது.

இங்கு நடுநிலை தேவை. இழுவலைகள் தம் கடலடியை அழிப்பதாக இலங்கையின் வடபகுதித் தமிழ் மீனவர் கூறும் முறையீடு நியாயமானது. இலங்கை 2017இல் இழுவலைத் தொழிலைச் சட்டத்தால் தடை செய்தது. ஆயின் அவ்வலையை இழுப்பது இயந்திரம். கச்சானுக்கும் வாடைக்கும் இடம் மாறிய பாய்மரத்துக்கு அதில் பங்கில்லை. எல்லைக்கோடோ இரண்டையும் ஒன்றாகவே பாவிக்கிறது.