உடைமையும் கடமையும்

ஆங்கிலம் பயிலும் நம் பிள்ளைகள் 'ஆட்' என்னும் துணைவினையைக் கடமையைச் சுட்டும் சொல்லாகக் கற்கின்றனர். 'இதைச் செய்தல் உன் கடமை' என்னும் கருத்தில் அது வருகிறது. ஆயினும், அச்சொல்லின் பிறப்பை ஆராய்வோமாயின், தொடக்கத்தில் அது கடமையை அன்று, உடைமையையே குறித்தது என்பதை அறிவோம்.

பழைய ஆங்கிலத்தில் 'ஆகன்' என்றொரு வினை வழங்கிற்று. 'உடையவனாயிருத்தல்' என்பதே அதன் பொருள். சொந்தத்தைக் குறிக்கும் 'ஓன்', கடன்பட்டிருத்தலைக் குறிக்கும் 'ஓ', கடமையைக் குறிக்கும் 'ஆட்' ஆகிய மூன்றும் அவ்வொரு வேரில் கிளைத்தவை. இவற்றுள் 'ஆட்' என்பது அவ்வினையின் இறந்தகால வடிவமாகும்.

உடைமை எங்ஙனம் கடனாயிற்று? 10ஆம் நூற்றாண்டில் ஆல்ட்ரெட் என்னும் குரு, லிண்டிஸ்ஃபார்ன் நற்செய்தி ஏட்டின் இலத்தீன் வரிகளுக்கிடையே ஆங்கிலப் பொருளை எழுதி வைத்தார். கடன்படுதலைச் சுட்டும் இலத்தீன் சொல்லுக்கு, 'செலுத்துவதற்கென உடையவனாயிருத்தல்' எனப் பொருள்படும் தொடரை அவர் ஆண்டார். பின்னர் உடைமைச் சொல் தனித்து நின்றே கடனைக் குறிக்கலாயிற்று. பணக்கடனைக் குறித்த அதே சொல், ஒருவன் பிறர்க்கு ஆற்ற வேண்டிய அறக்கடனையும் குறித்தது.

1611இல் வெளிவந்த ஜேம்ஸ் மன்னர் விவிலியத்தில், லூக்கா 7ஆம் அதிகாரத்து உவமையில், இருவர் கடன்பட்டிருந்ததைச் சொல்லுமிடத்தில் 'ஆட்' என்றே அச்சாயிற்று. பிற்காலப் பதிப்புகள் அதனை 'ஓட்' என மாற்றின. பணக்கடனுக்கு இப்புதிய வடிவம் நிலைபெறவே, பழைய வடிவம் அறத்துக்கு உரியதாய் எஞ்சி, இறந்தகாலப் பொருளையும் துறந்தது.

தமிழர்களாகிய நமக்கு இது புதுமையன்று. புறநானூற்றின் 312ஆம் பாடலில் பொன்முடியார், தாய் முதல் வேந்தன் வரை ஒவ்வொருவர் கடமையையும் 'கடன்' என்றே குறிக்கிறார். கடன், கடமை என்னும் இரு சொற்களின் உறவை நாம் நாள்தோறும் நாவில் வழங்கியும் எண்ணிப் பார்ப்பதில்லை.

'நான் ஏன் பிறர்க்குச் செய்ய வேண்டும்?' என்னும் கேள்வி நம் இல்லங்களிலும் எழுகின்றது. கடமையை வெளியிலிருந்து சுமத்தப்பட்ட பாரமாக எண்ணுவதால் எழும் கேள்வி அது. ஆல்ட்ரெட் எழுதிய தொடரோ, கையில் உள்ளதே செலுத்துவதற்கென உள்ளது என்கிறது. மத்தேயு 18ஆம் அதிகாரத்தில் பெருங்கடன் மன்னிக்கப்பட்ட பணியாளன், தான் பெற்றதைத் தன்னுடையதாக மட்டுமே கொண்டான். உடன்பணியாளனுக்கு இரங்க மறுத்தான். நாம் பெற்ற கல்வியும் உடல்நலமும் மன்னிப்பும் யாருக்குச் செலுத்தப்பட வேண்டியவை என்று நம்மை நாமே வினவுவோமாக.