திருவண்ணாமலையில் மிதிவண்டிப் பாதுகாப்பும் விபத்துக்கான சட்ட உதவியும்

திருவண்ணாமலை நகரிலும், அருணாசல மலையைச் சுற்றிய 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையிலும் சைக்கிள் ஓட்டுவோருக்கு உள்ள ஆபத்துகள், வண்டி மோதி அடிபட்டால் கிடைக்கவேண்டிய சிகிச்சை, இழப்பீடு, இலவசச் சட்ட உதவி ஆகியவற்றைப் பற்றியது இக்கட்டுரை. சைக்கிளுக்கு ஆர்.சி. புத்தகமும் இல்லை, இன்சூரன்சும் இல்லை. ஆகவே தனக்குக் கேட்க வழியில்லை என்று அடிபட்டவர் பலர் ஒதுங்கிவிடுகின்றனர். சட்டம் அப்படிச் சொல்லவில்லை. சைக்கிளில் செல்பவர் கேட்பது மோதிய வண்டியின் காப்பீட்டிலிருந்துதான். அவர் பெயரில் எந்தக் காப்பீடும் தேவையில்லை.

சாலைகளும் ஓட்டுவோரும்

2024இல் மாநகராட்சியான இந்த ஊரில் சைக்கிள் இன்னும் பிழைப்பின் கருவி. பூக்கூடை, கீரைக்கட்டு, இளநீர்க் குலை, பின்கேரியரில் கட்டிய டீ கேன் எல்லாம் அதில்தான் போகின்றன. பள்ளிப் பிள்ளைகளிடம் அரசின் விலையில்லா சைக்கிள் இருக்கிறது. 2001-02இல் பட்டியலின, பழங்குடி மாணவிகளுக்கெனத் தொடங்கிய அத்திட்டம் 2005-06இல் அரசு, அரசு உதவிபெறும் பள்ளிகளின் மேல்நிலை மாணவர் அனைவருக்கும் விரிந்தது. ரமணாசிரமத்தைச் சுற்றிய தெருக்களில் வாடகைக்குச் சைக்கிள் எடுக்கும் வெளியூர், வெளிநாட்டு அன்பர்களும் உண்டு.

ஊரின் சிக்கல் செங்கம் சாலையில் தெளிவாகத் தெரியும். கிரிவலப் பாதையின் தென்பகுதி இந்தச் சாலைதான். கிருஷ்ணகிரியையும் திண்டிவனத்தையும் இணைக்கும் தேசிய நெடுஞ்சாலை 77ம் இதுவே. பெங்களூரிலிருந்து புதுச்சேரி போகும் காரும் பேருந்தும், மலையை வலம் வரும் பக்தரும், டீ கேன் கட்டிய சைக்கிளும் ஒரே தாரைப் பங்கிட்டுக்கொள்கின்றன. வேலூரிலிருந்து போளூர் வழியாக வந்து திருக்கோவிலூர் நோக்கிப் போகும் தேசிய நெடுஞ்சாலை 38ம் நகரைத் தொட்டுத்தான் செல்கிறது.

பௌர்ணமி இரவிலும் தீபத் திருவிழாவிலும் கிரிவலப் பாதையில் வண்டிகளைக் காவல்துறை திருப்பிவிடுகிறது. அந்நேரம் சைக்கிள்காரருக்குப் பெரிய பயமில்லை, தள்ளிக்கொண்டுதான் போகவேண்டும். கவனம் வேண்டியது கூட்டம் கலையும் விடியற்காலையில். இரவெல்லாம் நடந்தவர்கள் தூக்கக் கண்ணோடு காரை எடுக்கும் வேளையும், பால், பூ, காய்கறி ஏற்றிய சைக்கிள்கள் ஊருக்குள் வரும் வேளையும் ஒன்றாக அமைந்துவிடுகின்றன.

தார் முடிந்து மண் தொடங்கும் இடத்தில் உள்ள பள்ளம் இன்னொரு ஆபத்து. பின்னால் ஹாரன் கேட்டு சைக்கிளை இறக்கினால் சக்கரம் மண்ணில் சிக்கி, திரும்ப ஏற்றும்போது ஆள் தார்ச்சாலைப் பக்கமாகவே விழுகிறார். கரும்பு ஏற்றி, பின்விளக்கு இல்லாமல் போகும் டிராக்டர் டிரெய்லர்களும் இரவில் உயிரை வாங்குகின்றன.

ஓட்டுபவர் செய்யக்கூடியது கொஞ்சம் உண்டு. கடையில் வரும் சிவப்புப் பிரதிபலிப்பான் பின் மட்கார்டில் இருக்கும். இளநீரோ வாழையிலைக் கட்டோ ஏற்றியதும் அது மறைந்துவிடும். ஆகவே ஒளிரும் ஸ்டிக்கர் பட்டையைச் சுமையின் பின்புறச் சாக்கிலேயே ஒட்டவோ தைக்கவோ வேண்டும், பெடல்களின் ஓரத்திலும் ஒட்டலாம். பெடல் மேலும் கீழும் ஆடுவதால் அந்த ஒளி தூரத்திலிருந்தே சைக்கிள் என்று காட்டிக்கொடுக்கும். பழைய கம்பி பிரேக் சைக்கிள் மழையிலும் சுமையிலும் உடனே நிற்காது. பிரேக் கட்டை தேய்ந்திருந்தால் மாற்றுவதைத் தள்ளிப்போடக் கூடாது. சைக்கிளுக்கு ஹெல்மெட் சட்டப்படி கட்டாயமில்லை, ஆனால் தலைக்காயத்தின் முன் அந்த வாதத்தால் பயனில்லை.

சாலையை ஒழுங்குபடுத்த வேண்டியவர்களின் கடமை இதைவிடப் பெரிது. மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019இல் சேர்த்த 138(1அ) பிரிவு, நடப்போர் மற்றும் இயந்திரமில்லா வண்டிகளின் பாதுகாப்புக்கு விதிகள் வகுக்க மாநில அரசுகளுக்கு அதிகாரம் தருகிறது. கோயம்புத்தூர் எலும்பு முறிவு மருத்துவர் எஸ்.ராஜசேகரன் 2012இல் தொடுத்த பொதுநல வழக்கில், இவ்விதிகளை ஆறு மாதத்துக்குள் வகுக்குமாறு உச்ச நீதிமன்றம் 2025 அக்டோபரில் உத்தரவிட்டது. 2022இல் இந்தியச் சாலைகளில் இறந்தவர் 1,68,491 பேர் என்பது மத்திய அரசின் கணக்கு.

முதல் இரண்டு நாள்

சாலையில் விழுந்தவரைச் சுற்றிக் கூட்டம் கூடும். வண்டிக்காரர் சட்டைப்பையிலிருந்து சில நூறு ரூபாயை எடுத்து நீட்டுவார். பேசி முடித்துக்கொள்ளலாம் என்று யாராவது நடுவில் வருவார். தலையில் அடிபட்டவருக்கும் கால் வீங்கியவருக்கும் காயத்தின் ஆழம் அப்போது தெரியாது. பணம் வாங்கினாலும் வாங்காவிட்டாலும், வண்டி எண்ணைப் படம் பிடித்துவிட்டு 108ஐ அழைப்பதே முதல் வேலை. உதவ வருபவர் அஞ்ச வேண்டியதில்லை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 134அ பிரிவு அவரைப் பாதுகாக்கிறது. விருப்பமில்லாமல் அவரைச் சாட்சியாக்கவோ மருத்துவமனையில் பணம் கட்டச் சொல்லவோ கூடாது.

தமிழக அரசின் 'இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48' திட்டம் 2021 டிசம்பர் 18 அன்று மேல்மருவத்தூரில் தொடங்கியது. விபத்து நடந்த முதல் 48 மணி நேரத்துக்கு, திட்டத்தில் சேர்ந்த அரசு, தனியார் மருத்துவமனைகளில் கட்டணமில்லாச் சிகிச்சை. அடிபட்டவர் எந்த மாநிலத்தவர், எந்த நாட்டவர் என்று பார்ப்பதில்லை. கிரிவலம் வந்த ஆந்திரக் குடும்பத்துக்கும் ஆசிரமத்தில் தங்கிய வெளிநாட்டவருக்கும் அது பொருந்தும். 2025 மே மாதம் அறிவிக்கையான மத்திய அரசின் திட்டமோ ஏழு நாள் வரை, 1.5 லட்சம் ரூபாய்க்குள் சிகிச்சை தருகிறது.

வழக்கின் விதி பெரும்பாலும் அவசரப் பிரிவில் எழுதும் ஒரு வரியில் அடங்கியிருக்கிறது. பணியிலுள்ள மருத்துவர் விபத்துப் பதிவேட்டில், எப்படி அடிபட்டது என்று ஒரு வரி எழுதுவார். ஏ.ஆர். காப்பி என்பது இதன் நகல்தான். கூட வந்தவர் பதற்றத்தில் 'சைக்கிளில் இருந்து விழுந்துட்டாரு' என்று சொன்னால், 'சைக்கிளில் சென்றபோது தவறி விழுந்ததாக' என்றே அங்கே பதிவாகும். ஆறு மாதம் கழித்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் இன்சூரன்ஸ் கம்பெனியின் வக்கீல் முதலில் நீட்டுவது அந்தத் தாளைத்தான்: தானாக விழுந்தவருக்கு எங்கள் கட்சிக்காரர் ஏன் கொடுக்க வேண்டும்? எந்த வண்டி, எந்தத் திசையிலிருந்து, எந்த இடத்தில் மோதியது என்பதை மருத்துவரிடம் தெளிவாகச் சொல்லவேண்டும். எண் தெரியாவிட்டால் 'அடையாளம் தெரியாத கார் மோதி' என்றாவது எழுதச் சொல்லவேண்டும்.

மருத்துவமனையிலிருந்து காவல் நிலையத்துக்குத் தகவல் போகும். ஆனாலும் குடும்பத்தில் ஒருவர் நேரில் புகார் கொடுப்பது நல்லது. புகாரைப் பெற்றதற்கான சி.எஸ்.ஆர். ரசீதோடு திரும்பிவிடக் கூடாது. இழப்பீட்டுக்கு அடிப்படையாவது முதல் தகவல் அறிக்கை. அதன் நகலை இலவசமாகத் தருவது காவல்துறையின் கடமை. எல்லை எங்களுடையதில்லை என்று நிலையம் கைவிரிக்கவும் முடியாது. குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதாவின் 173ஆம் பிரிவுப்படி எந்த நிலையத்திலும் புகாரைப் பதிய வேண்டும். அதன்பின் காவலர் வந்து பார்வை மகஜரும் மாதிரி வரைபடமும் தயாரிப்பார். சாலை எத்தனை அடி அகலம், சைக்கிள் இடது ஓரத்திலிருந்து எத்தனை அடியில் கிடந்தது என்று அதில் இருக்கும். சைக்கிளை அவசரப்பட்டு எடுத்து ஓரமாகச் சாத்தினால் அந்த அளவு போய்விடும்; எடுப்பதற்கு முன் கைப்பேசியில் நாலு படம் எடுத்துவிட வேண்டும். நெளிந்த பின்சக்கரத்தைப் பழுதுபார்க்கக் கொடுப்பதையும் தள்ளிவைக்கலாம். பின்னாலிருந்து மோதியதற்கு அதைவிட நல்ல சாட்சி இல்லை.

2022 ஏப்ரல் முதல் நடைமுறையிலுள்ள விதிகளின்படி, காவல்துறை 48 மணி நேரத்துக்குள் முதல் விபத்து அறிக்கையையும், 90 நாளுக்குள் விரிவான அறிக்கையையும் தீர்ப்பாயத்துக்குத் தரவேண்டும். விபத்து வழக்கின் ஆவணங்களைத் தமிழ்நாடு காவல்துறையின் இணையச் சேவையில் கட்டணம் செலுத்தி எடுத்துக்கொள்ளவும் வசதி உண்டு.

தீர்ப்பாயமும் தொகையும்

இழப்பீட்டு மனு மோட்டார் வாகனச் சட்டத்தின் 166ஆம் பிரிவின்கீழ் மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் போடுவது. விபத்து நடந்த ஊரில்தான் போடவேண்டும் என்பதில்லை. அடிபட்டவர் குடியிருக்கும் ஊரிலும் போடலாம். திருவண்ணாமலையில் அடிபட்ட சேலத்துக்காரர் ஒவ்வொரு வாய்தாவுக்கும் இங்கே வரத் தேவையில்லை. மனுவுக்குக் காலவரம்பு ஆறு மாதம். இவ்வரம்பை எதிர்த்த வழக்குகள் நிலுவையில் இருப்பதால், தாமதத்தைக் காரணம் காட்டி மனுக்களைத் தள்ளுபடி செய்யக் கூடாதென 2025 நவம்பரில் உச்ச நீதிமன்றம் இடைக்கால உத்தரவிட்டது. ஆனாலும் ஆறு மாதத்துக்குள் போட்டுவிடுவதே நிம்மதி.

ஓட்டுநரிடம் லைசென்ஸ் இல்லை என்று கம்பெனி சொன்னாலும், மூன்றாம் நபரான சைக்கிள்காரருக்கு முதலில் பணத்தைக் கொடுத்துவிட்டு உரிமையாளரிடம் வசூலித்துக்கொள்ளும்படி தீர்ப்பாயம் உத்தரவிட முடியும். மோதியவரின் தவற்றை நிரூபிக்காமலே 164ஆம் பிரிவில் மரணத்துக்கு 5 லட்சமும் கொடுங்காயத்துக்கு 2.5 லட்சமும் பெறலாம். ஆனால் அத்தொகையை ஏற்றுக்கொண்டால் 166இன் மனு முடிந்துபோகும். சம்பாதிக்கும் வயதில் கால் போனவர் அவசரப்பட்டு அதில் கையெழுத்திடக் கூடாது.

தொகையைத் தீர்மானிப்பது காயத்தின் அளவு மட்டுமல்ல, அந்தக் காயம் பிழைப்பை எவ்வளவு பறித்தது என்பதும்தான். ராஜ்குமார் எதிர் அஜய்குமார் வழக்கில் 2010இல் உச்ச நீதிமன்றம் இதை விளக்கியது: கை போன தச்சருக்குச் சம்பாதிக்கும் திறன் ஏறக்குறைய முழுவதும் போய்விடலாம், அதே காயம் பட்ட எழுத்தருக்கு அப்படியில்லை. ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். சைக்கிளில் டீ விற்கும் 42 வயதுக்காரர், மாதம் 15,000 ரூபாய் வருமானம். சுயதொழில் செய்யும் 40 முதல் 50 வயதினருக்கு எதிர்கால வளர்ச்சியாக 25 விழுக்காடு சேர்த்தால் 18,750. ஆண்டு வருமானத்தைப் பெருக்கவேண்டிய எண் அவர் வயதுக்கு 14. மருத்துவச் சான்றில் முழங்கால் ஊனம் 15 விழுக்காடு என்றிருந்து அப்படியே எடுத்துக்கொண்டால் வருமான இழப்பு 4,72,500 ரூபாய். இனி அவரால் சைக்கிள் மிதிக்கவே முடியாது என்று காட்டி, தொழில் இழப்பு 40 விழுக்காடு எனத் தீர்ப்பாயம் ஏற்றால் 12,60,000. சிகிச்சைச் செலவும் வலிக்கான தொகையும் இதற்கு மேல்.

அன்றாடம் விற்றுப் பிழைப்பவரிடம் சம்பளச் சீட்டு இருக்காது. கணக்கு நோட்டு, மொத்த வியாபாரி தரும் துண்டுச்சீட்டு, ஜிபே வரவு, தெருவோர வியாபாரி அடையாள அட்டை எதுவானாலும் தாக்கல் செய்யலாம். எதுவும் இல்லாவிட்டாலும் வழியுண்டு. கால் இழந்த காய்கறி வியாபாரி சையத் சாதிக் வழக்கில், 2014இல் உச்ச நீதிமன்றம் ஆவணமின்றியே மாதம் 6,500 ரூபாய் வருமானம் என எடுத்துக்கொண்டது. அந்த விபத்து நடந்தது 2008இல். பள்ளிப் பிள்ளை அடிபட்டால் மல்லிகார்ஜுன் வழக்கின் 2013ஆம் ஆண்டுத் தீர்ப்பு துணை: ஊனம் 10 முதல் 30 விழுக்காடு என்றால் 3 லட்சம், 90க்கு மேல் 6 லட்சம்.

சைக்கிள்காரர் விளக்கில்லாமல் இரவில் வந்தார், எதிர்த்திசையில் வந்தார் என்று நிரூபித்தால், அவர் பங்குத் தவறு என ஒரு விகிதம் கழிப்பதுண்டு. அதனால் வழக்கே போய்விடாது.

வண்டி தெரியாதபோது, பேருந்து மோதும்போது

இடித்துவிட்டு நிற்காமல் போன வண்டி கிடைக்காவிட்டால், மத்திய அரசின் திட்டப்படி 2022 ஏப்ரல் முதல் மரணத்துக்கு 2 லட்சம், கொடுங்காயத்துக்கு 50,000 ரூபாய். மனு கொடுக்க வேண்டியது வருவாய்க் கோட்டத்தின் விசாரணை அலுவலரிடம். தொகையை ஏற்று ஆணையிடுவது மாவட்ட ஆட்சியர். ஒரு மாதத்தில் வண்டி கிடைக்கவில்லையெனில், இத்திட்டத்தைப் பற்றிக் காவல்துறையே எழுத்தில் தெரிவிக்கவேண்டும் என்று 2024 ஜனவரி 12 அன்று உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. இது தெரிந்த குடும்பங்கள் சொற்பம். அந்த ஐம்பதாயிரம் ஒரு கூலிக்காரருக்கு எலும்பு கூடும் வரையிலான அரிசி, வாடகை.

அரசுப் பேருந்து மோதினால் எதிர்மனுதாரர் போக்குவரத்துக் கழகமே. தீர்ப்பு வந்தும் பணம் கட்டாவிட்டால் நிறைவேற்று மனு போட்டுப் பேருந்தை ஜப்தி செய்யலாம். அமீனா பேருந்து நிலையத்துக்கே வந்து, பயணிகளை இறக்கிவிட்டு, வண்டியை நீதிமன்ற வளாகத்தில் கொண்டுபோய் நிறுத்துவது தமிழ்நாட்டில் அடிக்கடி செய்தியாகும்.

சாலைப் பள்ளத்தில் தானாக விழுந்தவருக்குத் தீர்ப்பாயம் இல்லை; சாலையைப் பராமரிக்க வேண்டிய மாநகராட்சி அல்லது நெடுஞ்சாலைத் துறை மீது உரிமையியல் நீதிமன்றத்துக்கோ உயர் நீதிமன்றத்துக்கோ போகவேண்டும். சைக்கிள் மோதி நடப்பவர் அடிபட்டாலும் அப்படித்தான். 250 வாட்டுக்குக் குறைந்த, மணிக்கு 25 கிலோமீட்டருக்குள் ஓடும் மின்சைக்கிளும் சட்டப்படி மோட்டார் வண்டியாகாது. அதைவிட வேகமானது மோதினால் நிலைமை வேறு.

இலவசச் சட்ட உதவி

திருவண்ணாமலை மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு, 1987ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் இயங்குவது. பெண்கள், குழந்தைகள், பட்டியலினத்தவர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள் ஆகியோருக்கு வருமான வரம்பு இல்லாமலே வக்கீல் கிடைப்பார். மற்றவருக்கு வருமான வரம்பு உண்டு. 15100 என்ற எண்ணில் கேட்கலாம். மருத்துவமனை வராந்தாவிலேயே வந்து, கிடைப்பதில் இத்தனை விழுக்காடு என்று பேசும் தரகரை நம்பக் கூடாது. வெற்றித் தொகையில் பங்கு கேட்பதை இந்திய வழக்கறிஞர் மன்ற விதிகள் தடைசெய்கின்றன.

மக்கள் நீதிமன்றத்தில் வழக்கு விரைவாக முடியும், நீதிமன்றக் கட்டணமும் திரும்பும். ஆனால் அங்கே ஏற்ற தொகைக்கு மேல்முறையீடு கிடையாது. ஆகவே சிகிச்சை முடிந்து, ஊனத்தின் அளவுக்கு மருத்துவ வாரியத்தின் சான்று கைக்கு வந்தபிறகே சமரசத்தில் கையெழுத்திடுவது நல்லது. எலும்பில் வைத்த தகட்டை எடுக்க இன்னொரு அறுவைச் சிகிச்சை வேண்டுமா என்று மருத்துவரிடம் கேட்டு, அந்தச் செலவையும் எழுத்தில் வாங்கி மனுவோடு சேர்க்கவேண்டும்.