சோழ நாட்டில் முந்திரி மரம்: சரித்திரப் படங்களில் எந்தத் தப்பு பெரிய தப்பு?

சரித்திரப் படம் பார்க்கும்போது பக்கத்து சீட்டில் உட்கார்ந்து தப்பு கண்டுபிடித்துக்கொண்டே இருக்கும் ஒரு ஆள் எல்லா குரூப்பிலும் இருப்பாங்க. எங்க குரூப்பில் அந்த ஆள் நான்தான். "டேய், அந்தக் காலத்துல மிளகாயே கிடையாதுடா"ன்னு சொல்லி, பாப்கார்ன் கையோட திட்டு வாங்கியிருக்கேன். அப்புறம்தான் ஞாபகம் வந்துச்சு, மக்காச்சோளமும் அந்தக் காலத்துல கிடையாது.

இன்னைக்கு எபிசோடு அந்தப் பழக்கத்தைப் பத்திதான். சரித்திரப் படங்களில் நாம பிடிக்கிற தப்புகள், அதுக்காகப் போடுற சண்டைகள். ஆனா ஒரு கேள்வி கூடவே வரும்: நாம பிடிக்கிற தப்புதான் முக்கியமான தப்பா? இதைத் தேடி கடலூரிலிருந்து சிதம்பரம், அங்கிருந்து காட்டுமன்னார்கோயில் வரைக்கும் ஒரு பஸ் பயணம் போகலாம், வாங்க.

முதலில் தப்புகளை மூணா பிரிச்சுக்கலாம்.

ஒண்ணு, கன்டினியூட்டி. ஹீரோவுக்கு இடது கன்னத்தில் வெட்டுக்காயம். அடுத்த ஷாட்டில் அது வலது கன்னத்துக்குப் போயிருக்கும். ஷூட்டிங் கதை வரிசைப்படி நடக்காது. இன்று எடுத்த காட்சியின் மீதியை இரண்டு மாதம் கழித்து வேறு ஊரில் எடுப்பார்கள். அதனால்தான் திலகம் எங்கே, மாலையில் எத்தனை சரம், வாள் எந்தக் கையில் என்று குறித்து வைக்கவே ஒரு அசிஸ்டன்ட் டைரக்டர் இருப்பார். அவர் ஒரு நாள் அசந்தால் நமக்கு ஒரு மீம் கிடைக்கும். இதனால் வரலாற்றுக்கு ஒரு நஷ்டமும் இல்லை.

இரண்டாவது, காலப்பிழை. அந்தக் காலத்தில் இல்லாத பொருள் திரையில் இருப்பது. கைக்கடிகாரம், மின்கம்பம் எல்லாம் எல்லாரும் பிடிச்சிடுவாங்க. பிடிக்க முடியாதது நிலம். இங்கேதான் நம்ம பஸ் கிளம்புது.

கடலூர் மாவட்டம்னாலே பண்ருட்டி பலாவும் முந்திரியும்தான். வந்தியத்தேவன் இந்தப் பக்கம் குதிரையில் வந்திருந்தால் பலாவைச் சாப்பிட்டிருக்கலாம். முந்திரி வாய்ப்பே இல்லை. அது பிரேசில் பக்கத்து மரம், 16ஆம் நூற்றாண்டில் போர்ச்சுகீசியர்கள் மூலம் இந்தியாவுக்கு வந்தது. மிளகாயும் அப்படி வந்ததுதான். சோழர் சமையலில் காரம் என்றால் மிளகு. கடற்கரையை ஒட்டி வரிசையாக நிற்கும் சவுக்குத் தோப்புகள் 19ஆம் நூற்றாண்டில், பெரும்பாலும் விறகுக்காக வளர்க்கத் தொடங்கியவை. ரோட்டோரம் எங்கும் முளைத்துக் கிடக்கும் சீமைக் கருவேலமும் அமெரிக்கக் கண்டத்து மரம். ஆக, ஒரு டைரக்டர் ஒரிஜினலா இருக்கட்டும்னு இந்த ஊருக்கே வந்து கேமரா வெச்சாலும், பத்தாம் நூற்றாண்டு ஃபிரேமில் வராது. ஊர் அதேதான், காடு வேற.

சிதம்பரத்தில் இறங்கினால் இன்னொரு ஆச்சரியம். சிதம்பரம்னு சொன்னதும் நம்ம மனசுல வர்றது ஏழு நிலை கோபுரங்கள். ஆனால் பொன் கூரை வேய்ந்ததாகப் புகழப்படும் முதலாம் பராந்தக சோழன் பத்தாம் நூற்றாண்டின் முற்பாதியில் இங்கே வந்தபோது இந்த நான்கு கோபுரங்களில் ஒன்றுகூட இல்லை. இவை 12ஆம் நூற்றாண்டுக்குப் பிறகு ஒவ்வொன்றாக எழுந்தவை. வடக்குக் கோபுரத்தோடு சேர்த்துப் பேசப்படும் பெயர் 16ஆம் நூற்றாண்டு விஜயநகரப் பேரரசர் கிருஷ்ணதேவராயருடையது. அவருடைய சிலையே அந்தக் கோபுரத்தில் இருக்கிறது. முற்காலச் சோழர் கோயில்களில் உயரமானது கருவறை மேல் இருக்கும் விமானம்தான், வாசல் கோபுரம் அல்ல. தஞ்சைப் பெரிய கோயிலை நினைச்சுப் பாருங்க, சட்டுன்னு புரியும். அதனால் ராஜராஜனுக்கு முந்தைய கதை என்று சொல்லி, பின்னணியில் வானத்தைத் தொடும் கோபுரம் தெரிந்தால், நீங்க தாராளமா கை தூக்கலாம்.

இந்த மாதிரி பெரிய சண்டை நடந்தது 'பொன்னியின் செல்வன்' படங்களுக்குத்தான். 2022 செப்டம்பரில் முதல் பாகம், 2023 ஏப்ரலில் இரண்டாம் பாகம். சில காட்சிகள் மத்தியப் பிரதேசத்தில் ஓர்ச்சாவிலும் மகேஷ்வரிலும் எடுக்கப்பட்டன. ஓர்ச்சா அரண்மனைகள் 16, 17ஆம் நூற்றாண்டுகளில் புந்தேலா அரசர்கள் கட்டியவை. மகேஷ்வரின் நர்மதைப் படித்துறைகள் 18ஆம் நூற்றாண்டு அகில்யாபாய் ஹோல்கரின் பெயரைச் சொல்பவை. "சோழன் வீட்டுல என்னடா வடநாட்டு வளைவு, மாடம்?" என்று கேட்டவர்கள் நிறைய.

கேள்வி நியாயம்தான். ஆனா அந்தப் பக்கமும் ஒரு நியாயம் இருக்கு. சோழர் அரண்மனை ஒன்றுகூட இன்று முழுசாக நிற்கவில்லை. கோயிலைக் கல்லில் கட்டினார்கள், அரண்மனையைச் செங்கல்லிலும் மரத்திலும் கட்டினார்கள். கங்கைகொண்டசோழபுரம் மாளிகைமேட்டில் தோண்டினால் கிடைப்பது செங்கல் அஸ்திவாரங்களும் கூரை ஓடுகளும். அதை வைத்து சுவர் எவ்வளவு உயரம், ஜன்னல் எப்படி இருந்தது என்று ஒரு ஆர்ட் டைரக்டர் சொல்ல முடியாது. ஊகம்தான் செய்ய முடியும். இன்னொண்ணும் யோசிங்க. அருள்மொழிவர்மன் பேசிய தமிழ் படத்தில் அப்படியே வந்தால் நம்மில் பலருக்கு சப்டைட்டில் வேணும். மொழியில் இவ்வளவு பெரிய காலப்பிழையை மனசார ஏத்துக்கிட்டு, ஜன்னலுக்கு மட்டும் சண்டை போடுறோம்.

இனி மூணாவது வகை. இது கண்ணுக்குத் தெரியாது. கதைக்குள்ளேயே இருக்கும். யார் நல்லவன், யார் கொன்றான், யார் யாருக்கு அடிமை என்பதில் இருக்கும் தப்பு. இதுக்காக சிதம்பரத்திலிருந்து மேற்கே காட்டுமன்னார்கோயில் போகணும்.

வழியில் வீராணம் ஏரி. சென்னையில் இருக்கீங்கன்னா உங்க வீட்டுக் குழாயில் இந்தத் தண்ணி வந்திருக்கும். பராந்தகனின் பட்டப்பெயர்களில் ஒன்று வீரநாராயணன், ஏரியின் பெயர் அதிலிருந்து வந்தது. கல்கியின் நாவலில் வந்தியத்தேவன் முதன்முதலில் தோன்றுவது இந்த ஏரிக்கரையில்தான். ஏரிக்குப் பக்கத்தில், காட்டுமன்னார்கோயில் உடையார்குடியில் அனந்தீசுவரர் கோயில் இருக்கிறது. அதன் சுவரில்தான் ஆதித்த கரிகாலன் கொலை பற்றிப் பேசும் கல்வெட்டு இருக்கிறது. "கரிகாலனைக் கொன்றது யார்?" என்று படம் வந்த நேரத்தில் ஊரெல்லாம் கேட்டோமே, அதுக்கு ஒரு பதில் ஆயிரம் வருஷமா இந்தச் சுவர்ல இருக்கு.

கல்வெட்டு என்ன சொல்கிறது? ராஜராஜனின் இரண்டாம் ஆட்சியாண்டு, அதாவது கி.பி. 987 வாக்கில் வந்த ஆணை. கரிகாலனைக் கொன்ற துரோகிகள் என்று சோமன், ரவிதாசன், பரமேசுவரன் என்ற சகோதரர்களைக் குறிப்பிடுகிறது. அவர்களுடைய உறவினர்களின் நிலங்களையும் எடுத்து விற்கும்படி ஊர்ச் சபைக்குச் சொல்கிறது. பட்டங்களைக் கவனிங்க. ரவிதாசனுக்குப் பஞ்சவன் பிரம்மாதிராசன். பரமேசுவரனுக்கு இருமுடிச்சோழ பிரம்மாதிராசன். பிரம்மாதிராசன் என்பது பிராமண உயர் அதிகாரிகளுக்குக் கொடுக்கப்பட்ட பட்டம். பஞ்சவன் என்றால் பாண்டியன். இருமுடிச்சோழன் என்பதோ சோழப் பெயர். அப்படின்னா இவங்க பாண்டியனின் ஆட்களா, சோழ அரசாங்கத்துக்குள்ளேயே வேலை பார்த்தவங்களா, ரெண்டுமா?

கல்கி 1950இல் தொடராக எழுதத் தொடங்கியபோது இவர்களைப் பாண்டியனுக்காகப் பழிவாங்கும் சதிகாரர்களாக ஆக்கினார். படமும் அதையே எடுத்துக்கொண்டது. பாண்டியன் தலை கொண்டவன் என்று கரிகாலனைக் கல்வெட்டு சொல்வதால், பழி என்பது பொருத்தமான ஊகம்தான். ஆனால் பழிக்காகக் கொன்றார்கள் என்று அந்தக் கல்வெட்டில் இல்லை. எங்கே கொன்றார்கள் என்றும் இல்லை. கடம்பூர் மாளிகை கல்கி கட்டியது, நந்தினி கல்கி படைத்தவள்.

வரலாற்றாசிரியர்களுக்குள்ளும் இதே சண்டைதான். கொலை நடந்தது 969 வாக்கில். நடுவில் உத்தம சோழன் ஏறக்குறைய பதினைந்து வருஷம் ஆண்டான். அவ்வளவு நாள் தண்டனை இல்லாமல், ராஜராஜன் வந்த உடனே ஏன் என்று கேட்ட நீலகண்ட சாஸ்திரி, உத்தம சோழன் மேல் சந்தேகத்தை வைத்தார். சதாசிவ பண்டாரத்தார் அதை ஏற்கவில்லை. கல்வெட்டு பேசுவது நில விற்பனையைப் பற்றி, தண்டனை எப்போது கிடைத்தது என்பது வேறு விஷயம் என்பது இந்தப் பக்கத்து வாதத்தின் சாரம்.

இப்போ பாருங்க. ஓர்ச்சா ஜன்னல் தப்புன்னா யாருக்கும் நஷ்டமில்லை. உத்தம சோழன் தப்பா காட்டப்பட்டா, நிரூபிக்கப்படாத ஒரு கொலைப்பழி ஒரு மனுஷன் தலையில ஏறிடும். ஆயிரம் வருஷம் கழிச்சு அவரால வந்து மறுப்பு சொல்ல முடியாது.

இதே வட்டாரத்தில் இன்னொரு கதையும் இருக்கு. திருநாளைப்போவார் என்கிற நந்தனார். காட்டுமன்னார்கோயில் பக்கத்து ஆதனூர்க்காரர். சிதம்பரம் போகணும்னு ஏங்கியவர். அவர் கதையைச் சினிமா பலமுறை எடுத்தது. 1935இல் கே.பி. சுந்தராம்பாள் நந்தனாராக நடித்தார். அதற்கு அவர் ஒரு லட்ச ரூபாய் வாங்கியது அன்றைய பரபரப்பு. 1942இல் ஜெமினி எடுத்த படத்தில் தண்டபாணி தேசிகர்.

படம் பார்த்தவர்களுக்கு மறக்காதது அந்தக் கொடுமைக்கார வேதியர். சிதம்பரம் போக லீவு கேட்கும் பண்ணையாளிடம், நாற்பது வேலி நிலத்தையும் முதலில் நட்டு முடி என்று சொல்லும் ஆண்டை. ஆனா 12ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் எழுதிய பெரியபுராணத்தில் அந்த ஆண்டையே கிடையாது! அங்கே நந்தனார் கோயில் முரசுகளுக்குத் தோலும், யாழுக்கும் வீணைக்கும் நரம்பும் கொடுப்பவர். அந்தப் பணிக்காக ஊர் விட்ட நிலத்தில் வாழ்பவர். வேதியர் வந்து சேர்ந்தது 19ஆம் நூற்றாண்டில், கோபாலகிருஷ்ண பாரதி எழுதிய நந்தனார் சரித்திரத்தில். சினிமா அவரைப் பின்பற்றியது.

கறாரா பார்த்தா இது பெரிய காலப்பிழை. பல நூற்றாண்டு முந்தைய ஒருவரை 19ஆம் நூற்றாண்டுப் பண்ணையில் கொண்டுபோய் நிறுத்தியாச்சு. ஆனால் பாரதி கண் முன்னால் இருந்த காவிரிப் படுகையில் அப்படிப்பட்ட பண்ணையாட்கள் நிஜமாகவே இருந்தார்கள். லீவு கேட்கக்கூடப் பயந்த மனிதர்கள். அந்தத் தப்பு வழியாக மேடைக்கும் திரைக்கும் வந்தது அவர்களுடைய வாழ்க்கை. நந்தனார் காலத்துக்கு அந்தக் கதை பொய், பாரதி காலத்துக்கு நிஜம். அதே சமயம் சேக்கிழார், பாரதி இரண்டு பேர் கதையிலும் நந்தனார் நெருப்பில் இறங்கித்தான் சன்னதிக்குப் போக முடிகிறது. அந்தக் காட்சியில் தப்பு கண்டுபிடிக்க நம்ம ஆட்களுக்கு ரொம்ப நாள் ஆச்சு. 20ஆம் நூற்றாண்டில் சிதம்பரத்திலேயே சுவாமி சகஜானந்தா நந்தனார் பெயரில் பள்ளி தொடங்கி, கோயில் வாசலில் நிறுத்தப்பட்டவர்களின் பிள்ளைகளைப் படிக்க வைத்தார். என்னைக் கேட்டா, நந்தனார் படங்களுக்கு எழுதப்பட்ட சிறந்த விமர்சனம் அந்தப் பள்ளிதான்.

அதனால் நண்பர்களே, தப்பு பிடிக்கிறதை விட்டுடாதீங்க. மிளகாய், முந்திரி, கோபுரம் எல்லாம் பிடிங்க, ஜாலியா இருக்கும். ஆனா பிடிச்ச பிறகு இன்னொரு கேள்வியும் கேளுங்க: இந்தத் தப்பால யாருக்குப் பழி போச்சு? யார் கதையிலிருந்து காணாமப் போனாங்க? ஜன்னல் தப்புன்னா சிரிச்சுட்டு விட்டுடலாம். ஆள் தப்புன்னா விடக்கூடாது.

நேரம் கிடைச்சா சிதம்பரத்துலேர்ந்து காட்டுமன்னார்கோயில் பஸ் பிடிச்சு உடையார்குடி கோயிலுக்கு ஒரு தடவை போயிட்டு வாங்க. எழுத்து பழசு, உங்களால படிக்க முடியாம போகலாம், பரவாயில்ல. படம் முடிஞ்சா லைட் போட்டுடுவாங்க. அந்தச் சுவர் அங்கேயேதான் நிக்குது.

அடுத்த எபிசோடில் சந்திக்கலாம்.