பிரேக் இன்ஸ்பெக்டரும் நம்ம ஊர் மோட்டார் சைக்கிளும்

லாரி டிரைவர் ஒருவரிடம் "மோட்டார் வாகன ஆய்வாளர்" என்று சொல்லிப் பாருங்கள், ஒரு நிமிடம் யோசிப்பார். "பிரேக் இன்ஸ்பெக்டர்" என்றால் உடனே வண்டியை ஓரம் கட்டுவார். லைசென்ஸ் டெஸ்ட் எடுப்பது, பேப்பர் பார்ப்பது, அபராதம் போடுவது என்று அந்த அதிகாரிக்கு ஆயிரம் வேலை. ஆனால் நம் ஜனங்கள் அவருக்குப் பெயர் வைக்கும்போது பிரேக்கைத்தான் பிடித்துக்கொண்டார்கள். வண்டியில் எதை முதலில் பார்க்க வேண்டும் என்பது அந்தப் பெயரிலேயே இருக்கிறது.

சென்ற மாதம் லண்டனில் வேலை பார்க்கும் என் அக்கா மகன் போனில் பேசினான். "மாமா, இங்க பைக்குக்கும் வருஷா வருஷம் டெஸ்ட் உண்டு. பிரேக் லைட் எரியலைன்னு என் வண்டியைத் திருப்பி அனுப்பிட்டாங்க. நம்ம ஊர்ல மட்டும் ஏன் அப்படி இல்லை?" என்றான். வேளாண்மைத் துறை களப்பணியில் உத்திரமேரூர், மானாம்பதி, சாலவாக்கம், பெருநகர் என்று முப்பது வருஷம் இரண்டு சக்கரத்தில் சுற்றியவன் நான். அவன் கேள்விக்கு போனில் பதில் சொல்லி முடியாது என்பதால் இங்கே எழுதுகிறேன்.

முதலில் சட்டம். நம் நாட்டில் 1914-லேயே மோட்டார் வாகனச் சட்டம் வந்துவிட்டது. அடுத்து வந்த 1939-ஆம் வருஷச் சட்டம், வாடகைக்கு ஓடும் வண்டிக்கும் சரக்கு ஏற்றும் வண்டிக்கும் தகுதிச் சான்று வேண்டும் என்றது. நாம் "எஃப்.சி." என்கிறோமே, அதுதான். 1988-இல் இயற்றப்பட்டு 1989 ஜூலை 1 முதல் அமலுக்கு வந்த இப்போதைய சட்டமும் அதே பாதையில்தான் போகிறது. பஸ், லாரி, வேன், ஆட்டோ எல்லாம் எஃப்.சி. காட்டியாக வேண்டும். சொந்த உபயோகத்துக்கு வாங்கிய மோட்டார் சைக்கிளுக்கு அது கிடையாது. ஒரு தடவை பதிவு செய்தால் 15 வருஷம் செல்லும். அதற்குப் பிறகு ஆய்வுக்குக் கொண்டுபோய்க் காட்டி, 5 வருஷத்துக்கு ஒரு தடவை புதுப்பித்துக்கொள்ள வேண்டும்.

அதாவது, குழந்தை பிறந்த வருஷம் வாங்கிய வண்டியை ஓர் அதிகாரி பிரேக் மிதித்துப் பார்க்கும்போது அந்தக் குழந்தை பத்தாம் வகுப்பில் இருக்கும்.

"புகைச் சான்று இருக்கிறதே" என்று சிலர் கேட்பார்கள். பழைய வண்டிக்கு 6 மாதத்துக்கு ஒரு தடவையும், பி.எஸ். 4 முதல் வந்த வண்டிகளுக்கு வருஷத்துக்கு ஒரு தடவையும் அது வேண்டும். ஆனால் அந்தக் கருவி சைலன்சர் வாயில் கார்பன் மோனாக்சைடும் ஹைட்ரோகார்பனும் எவ்வளவு என்று பார்க்கிறது, அவ்வளவுதான். டயர் வழுக்கையாக இருந்தாலும் புகை சுத்தமாக இருந்தால் சான்று கிடைத்துவிடும்.

சட்டம் எழுதிய காலத்தில் இதில் ஒரு நியாயம் இருந்தது. பஸ்ஸும் லாரியும் அடுத்தவர் உயிரையும் பொருளையும் சுமக்கிறவை. மோட்டார் சைக்கிள் அப்போது வசதியுள்ள சிலரிடம் மட்டும் இருந்த பொருள். அவர் வண்டியை அவரே பார்த்துக்கொள்வார் என்று விட்டுவிட்டார்கள்.

உண்மையிலேயே பார்த்துக்கொண்டார்கள். பார்க்காமல் அந்த வண்டிகளை ஓட்டவே முடியாது. 1955-இல் மெட்ராஸ் மோட்டார்ஸ்காரர்கள் இங்கிலாந்தின் ரெட்டிச் ஊர்க் கம்பெனியோடு சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கி, திருவொற்றியூரில் புல்லட் செய்ய ஆரம்பித்தார்கள். ராணுவமும் போலீசும் வாங்கின. 1960களில் மைசூரில் ஜாவா வந்தது, 1973-இல் அது யெஸ்டி ஆனது. போலந்து வடிவமைப்பில் வடக்கே செய்த ராஜ்தூத், பால்காரர்களுக்கும் கிராமத்து வியாபாரிகளுக்கும் பிடித்த வண்டி. புல்லட்டுக்கு கியர் வலது காலில், பிரேக் இடது காலில். யெஸ்டியில் உதைக்கிற லீவரே கியர் லீவரும் ஆகும். ஒரு வண்டிக்காரன் இன்னொரு வண்டியை இரவல் வாங்கினால் தெருமுனை வரை தடுமாற்றம்தான்.

அந்தக் கால வண்டிகள் எல்லாவற்றுக்கும் பொதுவான நோய்கள் உண்டு. இக்னிஷன் பாயின்ட் தேய்ந்து இடைவெளி மாறிவிடும், வண்டி ஸ்டார்ட் ஆகாது. இரண்டு ஸ்ட்ரோக் வண்டியில் பெட்ரோலோடு ஆயில் கலக்க வேண்டும், கொஞ்சம் கூடினால் பிளக்கில் கரி பிடிக்கும். சைலன்சர் அடைத்துக்கொண்டால் கழற்றித் தீயில் காட்டிக் கரியைத் தட்டுவார்கள். கார்பரேட்டரில் தூசி, கிளட்ச் கேபிள் அறுதல், எஞ்சின் மூடியில் ஆயில் கசிவு. டூல் பாக்ஸில் பிளக் ஸ்பேனர், உப்புத்தாள், ஓர் உபரி பிளக், உபரி கேபிள் இல்லாமல் யாரும் வந்தவாசி ரோட்டில் இறங்கமாட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை காலை திண்ணை ஓரத்தில் வண்டியைச் சாய்த்துவைத்து இரண்டு மணி நேரம் செலவழிப்பது வழக்கம்.

அந்த இரண்டு மணி நேரத்தில்தான் செயின் தொய்வு கண்ணில் படும். பிளக்கைக் கழற்ற உட்கார்ந்தவன் பின் டயரில் ஏறியிருக்கும் ஆணியையும் பார்ப்பான். மெக்கானிக்கிடம் பாயின்ட் வைக்கப் போனால் அவர் முன் சக்கரத்தைத் தூக்கி ஆட்டிப் பார்த்து, "சார், கோன் செட் போயிடுச்சு, ஹேண்டில் ஆடுது" என்பார். சட்டத்தில் இல்லாத வருஷாந்திர ஆய்வை, அடிக்கடி பழுதாகும் எஞ்சினே நடத்தி வைத்தது.

1980களில் எல்லாம் மாறியது. 1980-இல் ஓசூரிலிருந்து டி.வி.எஸ். 50. 1984, 85-இல் ஜப்பான் கூட்டில் இண்ட்-சுசுகி, ஹீரோ ஹோண்டா சி.டி. 100, யமஹா ஆர்.எக்ஸ். 100. பாயின்ட் போய் எலெக்ட்ரானிக் இக்னிஷன் வந்தது. நாலு ஸ்ட்ரோக் எஞ்சினில் ஆயில் கலக்கும் வேலை இல்லை. ஒரு லிட்டருக்கு எவ்வளவு தூரம் ஓடும் என்பதே பேச்சானது. காலையில் ஓர் உதை, வண்டி கிளம்பிவிடும். பிறகு உதையும் போய்ப் பொத்தான் வந்தது. இன்று நம் மாவட்டத்திலேயே, ஒரகடத்திலும் வல்லம் வடகாலிலும், உலகத்துக்கெல்லாம் மோட்டார் சைக்கிள் செய்து அனுப்புகிறார்கள். பழுது என்பதே அபூர்வமாகிவிட்டது. இதைக் குறையாகச் சொல்லவில்லை. நடுராத்திரியில் பிரசவத்துக்கு ஆள் கூப்பிடப் போகிறவனுக்கு ஸ்டார்ட் ஆகும் வண்டி பெரிய வரம்.

ஆனால் இதிலே ஒரு கண்ணி இருக்கிறது. வண்டி நின்று போகாமல் ஓடுவது வேறு, ரோட்டில் ஓடத் தகுதியாக இருப்பது வேறு. எஞ்சின் கெட்டால் சத்தம் போட்டுச் சொல்லும், அல்லது நின்றுவிடும். பிரேக் கட்டை தேய்வதும் டயர் வழுக்கையாவதும் பின் விளக்கு அணைவதும் ஓட்டுகிறவனுக்குத் தெரியவே தெரியாது. பின் விளக்கை ஓட்டுகிறவன் எப்படிப் பார்ப்பான்? அது பின்னால் வருகிறவனுக்காக இருக்கும் விளக்கு. எஞ்சின் பழுதாகாததால் மெக்கானிக் கடைக்குப் போவது குறைந்தது. கடைக்குப் போகாததால் மற்றதைப் பார்க்கும் கண்ணும் இல்லாமல் போயிற்று.

இங்கிலாந்துக்காரர்கள் இதை 1960-இல் பிடித்துக்கொண்டார்கள். எர்னஸ்ட் மார்பிள்ஸ் என்பவர் போக்குவரத்து மந்திரியாக இருந்தபோது, 10 வருஷத்துக்கு மேற்பட்ட வண்டிகளுக்குச் சோதனை கொண்டுவந்தார்கள். பார்த்தது மூன்றே விஷயம்: பிரேக், விளக்கு, ஸ்டியரிங். தேறாமல் போன வண்டிகள் அவ்வளவு அதிகமாக இருந்ததால், சீக்கிரமே 10 வருஷத்தை 7 ஆக்கினார்கள். 1967-இல் 3 வருஷம் ஆனது. மறு வருஷம் டயரும் பட்டியலில் சேர்ந்தது. அமைச்சகத்தின் பெயரைச் சுருக்கி இன்றும் "எம்.ஓ.டி." என்கிறார்கள். மோட்டார் சைக்கிள்கள் அதில் தவறும் காரணங்களில் முதலிடம் விளக்கு, சிக்னல் வகைக்குத்தான். பிரேக், டயர், சஸ்பென்ஷன் எல்லாம் அதற்குப் பின்னால். எஞ்சின் எவ்வளவு வலுவானது என்று அந்தச் சோதனையில் யாரும் கேட்பதே இல்லை.

நம் ஊரில் 15 வருஷ வண்டியைப் புதுப்பிக்கக் கொண்டுபோகும் இடத்திலும் இதே கதைதான். காஞ்சிபுரத்துக்குத் துணைக்குப் போய் நானும் சில தடவை மைதானத்தில் நின்றிருக்கிறேன். சேசிஸ் நம்பரைப் பென்சில் பிரிண்ட் எடுக்க வேண்டும், துருவில் எழுத்தே தெரியாது. ஹார்ன் முனகும். இண்டிகேட்டர் ஒரு பக்கம் இருக்காது. கண்ணாடியை அழகுக்காகக் கழற்றி எறிந்திருப்பார்கள். சைலன்சரை மாற்றியிருப்பார்கள். பின்னால் உட்காருகிறவரின் துணி சக்கரத்தில் மாட்டாமல் இருக்க, பின் சக்கரத்தில் பாதியையாவது மறைக்கும் தடுப்பு வேண்டும் என்று மத்திய மோட்டார் வாகன விதி சொல்கிறது. நாம் "சாரி கார்டு" என்கிறோமே, அதுதான். அதையும் கழற்றியிருப்பார்கள். டயரில் பட்டன் ஆழம் 0.8 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது என்பதும் விதி. வண்டிகள் மட்டும் நன்றாகவே ஸ்டார்ட் ஆகும்.

இந்த வேலைக்கான கட்டணத்தை 2022 ஏப்ரல் 1 முதல் 300 ரூபாயிலிருந்து 1,000 ரூபாய் ஆக்கினார்கள். பழைய வண்டிகளைக் கழிப்பதற்கு 2021-இல் கொண்டுவந்த கொள்கையின் ஒரு பகுதி அது. கட்டணம் கூடினால் ஏழை விவசாயி புதுப்பிக்காமலேயே ஏரிக்கரை வழியாக ஓட்டுவான் என்பது எனக்குத் தெரிந்த நிஜம். வருஷா வருஷம் மோட்டார் சைக்கிளுக்கு எஃப்.சி. வைத்தாலும் இதே ஆபத்து உண்டு. கோடிக்கணக்கான வண்டிகளை வரிசையில் நிறுத்தினால், நடுவில் புரோக்கர்கள் பிழைப்பார்கள். ஆகவே "லண்டன் மாதிரி வையுங்கள்" என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

ஆனால் சும்மா இருக்கவும் முடியவில்லை. 2022-இல் இந்தியச் சாலை விபத்துகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர் என்று மத்திய அரசின் அறிக்கை சொல்கிறது. அதில் நூற்றுக்கு 44 பேருக்கு மேல் இரண்டு சக்கர வண்டியில் போனவர்கள். எல்லாம் பிரேக்காலும் விளக்காலும் ஆனவை இல்லை. வேகம், ஹெல்மெட் இல்லாமை, குடி என்று காரணம் பல. இருந்தாலும் 1990களில் எங்கள் பக்கத்து ஊர்ப் பால்காரர் ஒருவர் விடியற்காலை நாலரை மணிக்குப் போனது எனக்கு மறக்கவில்லை. இரண்டு பக்கமும் கேன், பின் விளக்கு பல்பு என்றைக்கோ போயிருந்தது. பின்னால் ஜல்லி லாரி. லாரி டிரைவர் ஓடிப்போகவில்லை, அங்கேயே உட்கார்ந்து "கண்ணுக்கே தெரியலைங்க" என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். அந்த பல்பின் விலை சில ரூபாய்.

நம் ஊருக்கு வருஷக் கணக்கு புதிது இல்லை. பராந்தகச் சோழன் காலத்துக் குடவோலைக் கல்வெட்டு, வாரிய உறுப்பினர் பதவியை 360 நாளோடு முடித்துவிடுகிறது. கணக்குக் காட்டாதவன் மறுபடி நிற்க முடியாது. ஏரிக்கு வாரியம், தோட்டத்துக்கு வாரியம். நம்பிக்கையானவர் என்பதற்காக யாரையும் 15 வருஷம் பார்க்காமல் விட்டுவிடவில்லை. ஆயிரம் வருஷத்துக்கு முன்னால் அப்படி யோசித்த ஊர் இது.

அதற்கேற்ற நாளும் நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறது: ஆயுத பூஜை. அன்றைக்கு நாட்டில் கழுவாத வண்டி கிடையாது. கழுவும்போதே பத்து நிமிடம் கூடுதலாகக் கொடுங்கள். வீட்டில் ஒருவரைப் பின்னால் நிற்கச் சொல்லி இரண்டு பிரேக்கையும் தனித்தனியே பிடியுங்கள், விளக்கு எரிகிறதா என்று அவர் சொல்லட்டும். டிரம் பிரேக் என்றால் சக்கரத்தின் அருகே ஓர் அம்புக்குறி இருக்கும். பிரேக்கை அழுத்தும்போது அது கடைசிக் கோட்டைத் தாண்டினால் கட்டை முடிந்தது. டயரைச் சுற்றிலும் விரலால் தடவுங்கள். முன் சக்கரத்தைத் தூக்கி ஹேண்டிலை மெல்லத் திருப்புங்கள்; நடுவில் தடுக்கினால் கோன் செட்டைப் பார்க்க வேண்டும். செயினை அழுத்திப் பாருங்கள். ஹார்ன் அடியுங்கள். எது சரியில்லையோ அதை மாற்றிவிட்டுப் பிறகு சந்தனமும் குங்குமமும் வையுங்கள். எலுமிச்சம்பழத்தை நசுக்கும் டயரில் பட்டன் இருக்கட்டும்.