தாது வருடப் பஞ்சமும் பசிபிக் பெருங்கடலும்



நம் முன்னோர் மலாயாவுக்கு வந்த வரலாற்றைக் கற்பிக்கும்பொழுது, "வறுமையால் வந்தனர்" என்ற ஒரு வரியோடு நாம் கடந்துவிடுகிறோம். அவ்வறுமைக்குப் பின்னால் ஒரு கடலும் ஓர் அரசும் இருந்தன என்பதை மாணவர்கள் அறிதல் வேண்டும் என்பது என் கருத்து.

1876இல் சென்னை மாகாணத்தில் மழை பொய்த்தது. 1877இல் தென்மேற்குப் பருவமழையும் கைவிட்டது. தாது ஆண்டில் தொடங்கியதால் மக்கள் இதனைத் 'தாது வருடப் பஞ்சம்' என்றனர். 1878 வரை நீடித்த இப்பஞ்சத்தில் இந்தியாவில் 50 இலட்சத்திற்கும் மேற்பட்டோர் மாண்டனர். உயிர் பிழைக்கப் பல்லாயிரவர் இலங்கைக்குச் சென்றனர். மலாயாவுக்குக் கப்பலேறியோரும் உண்டு.

மழை ஏன் பொய்த்தது? வழக்கமாகப் பசிபிக் பெருங்கடலில் கிழக்கிலிருந்து வீசும் காற்று, சூடான மேற்பரப்பு நீரை இந்தோனேசியா பக்கம் தள்ளும். அந்த வெப்பத்தால் நம் வட்டாரத்தில் மேகங்கள் திரளும். 2 முதல் 7 ஆண்டுகளுக்கு ஒருமுறை இக்காற்று தளர்ந்து, வெந்நீர் கிழக்கே நகரும். மழை மேகங்களும் உடன் நகரும். இதுவே எல் நினோ. அப்பொழுது இந்தியாவின் தென்மேற்குப் பருவமழை பெரும்பாலும் குன்றும். இதன் எதிர்நிலை லா நினா. 1877-78இல் நிகழ்ந்தது, அறியப்பட்டவற்றுள் மிகக் கடுமையான எல் நினோக்களுள் ஒன்று.

எனினும், மழையைத் தடுத்தது கடல்; பஞ்சத்தைப் பெருக்கியது மனிதர். மக்கள் பட்டினியால் மடிந்துகொண்டிருக்க, தானிய ஏற்றுமதி தொடர்ந்தது. நிவாரணப் பணியில் உழைத்த ஓர் ஆணுக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 450 கிராம் தானியமும் சிறு காசும் போதுமென ரிச்சர்டு டெம்பிள் வரையறுத்தார். அது போதாது என்று வாதாடினார் சென்னை மாகாணத்தின் மருத்துவ அதிகாரி கார்னிஷ். சென்னையில் அடையாற்றையும் கூவத்தையும் இணைக்கும் பக்கிங்காம் கால்வாய்ப் பகுதி, பசித்தவர்களின் கைகள் வெட்டியதே.

இக்கடலின் மறைபொருளை அறியவும் காலம் பிடித்தது. 1904இல் இந்திய வானிலைத் துறையின் தலைமையேற்ற கணித அறிஞர் கில்பர்ட் வாக்கர், பருவமழையை முன்னறியும் வழி தேடினார். பசிபிக்கில் காற்றழுத்தம் உயர்ந்தால் இந்தியப் பெருங்கடலில் தாழ்வதையும், அங்குத் தாழ்ந்தால் இங்கு உயர்வதையும் கண்டு, 1924இல் அதற்குத் 'தென் அலைவு' எனப் பெயரிட்டார். அதனைக் கடல் வெப்பத்தோடு இணைத்து விளக்கியவர் ஜேக்கப் பியர்க்னஸ், ஆண்டு 1969. பஞ்சம் முடிந்து 90 ஆண்டுகளுக்குப் பின்னரே காரணம் தெளிவாயிற்று!

இது நம் ஜொகூரின் கதையும் ஆகும். 2015-16 எல் நினோவை ஒட்டிய வறட்சியில் நீர் வற்றி, 2016 அக்டோபரில் லிங்கியு அணையின் இருப்பு 20 விழுக்காட்டிற்குச் சரிந்தது. 2011 சனவரி இறுதியில் சிகாமட்டை வெள்ளம் சூழ்ந்தபொழுது வலுவான லா நினா நிலவியது. ஆயினும் கடல் வெப்பம் ஒன்றே விதியன்று. ஓர் இலட்சத்திற்கும் மேற்பட்டோரைத் துயர் துடைப்பு மையங்களுக்கு அனுப்பிய 2006-07 பெருவெள்ளம், எல் நினோ காலத்திலேதான் வந்தது. நம் வடகிழக்குப் பருவமழையில் வேறு காற்றுகளுக்கும் பங்குண்டு.

ஆகவே, இப்பாடத்தை நடத்தும்பொழுது இரண்டு வினாக்களை மாணவர் முன் வையுங்கள்: மழை ஏன் பொய்த்தது? மழை பொய்த்தபின் ஆட்சியில் இருந்தோர் என்ன செய்தனர்? முதல் வினாவுக்கு அறிவியல் விடை தரும். இரண்டாவதற்கு வரலாறு விடை தரும். பெற்றோர்களே, உங்கள் பாட்டன் பாட்டி எந்த ஊரிலிருந்து, எந்த ஆண்டில் வந்தனர் என்பதைக் கேட்டு எழுதி வையுங்கள். பிள்ளைகளுக்கு அதைவிடச் சிறந்த வரலாற்றுப் பாடநூல் வேறில்லை.