ஏழு மடங்கும் பத்தில் ஒரு பங்கும்

1950-களின் தொடக்கத்தில், அணுகுண்டு விழுந்தால் மேசையடியில் பதுங்கிக்கொள்ள அமெரிக்கப் பள்ளிகளில் சிறுவர்களைப் பழக்கினார்கள். வெப்பமும் அதிர்ச்சி அலையுமே அப்போது பெரும் அச்சம்.

1954 மார்ச் 1-ல் பிகினி பவளத்தீவில் வெடித்த ஹைட்ரஜன் குண்டு இக்கருத்தை மாற்றியது. அதன் ஆற்றல் 15 மெகாடன். எதிர்பார்த்ததைப்போல் இரண்டரை மடங்கு. பொடியான பவளப்பாறை கதிரியக்கத் தூசியாகி, சுமார் 150 கி.மீ. அப்பாலுள்ள ரோங்கலாப் தீவில் பொழிந்தது.

இத்தூசிக்கு எளிய விதி ஒன்று உண்டு. வெடித்தபின் கழியும் நேரம் ஏழு மடங்கானால், கதிர்வீச்சின் செறிவு ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்காகக் குறையும். முதல் மணியில் 1000 என்றால், 7-ஆம் மணியில் 100. 49-ஆம் மணியில் 10. இரண்டு வாரத்தில் 1. 1961-க்குப் பின் அமெரிக்க அரசு பொதுப் பதுங்கிடங்களில் இரண்டு வார உணவைச் சேமிக்க முற்பட்டது இக்கணக்குக்கு இசைந்ததே.

இதற்கு அடிப்படையான ஆய்வைக் கேதரின் வே, யூஜின் விக்னர் ஆகியோர் 1948-லேயே வெளியிட்டிருந்தனர். ஆயினும் ரோங்கலாப் மக்களுக்கு எச்சரிக்கையும் இல்லை, பதுங்கிடமும் இல்லை. அவர்களை அப்புறப்படுத்தியபோது ஏறத்தாழ 50 மணி நேரம் கடந்திருந்தது. செறிவு மிகுந்த மணிகளை அவர்கள் திறந்த வெளியிலும் ஓலைக் குடிசைகளிலுமே கழித்துவிட்டார்கள். விதி சரியானதே. உரியவர்களுக்கு உரிய நேரத்தில் எட்டாத அறிவால் யாருக்கு என்ன பயன்?