ஒரு தாளுக்கு எத்தனை கை

மினோ தாளின் பிறப்பு மினோவில் இல்லை. ஜப்பானின் இபராகி மாநிலத்துத் தைகோ மலைச்சரிவில், இலையெல்லாம் கொட்டிப்போன குளிர்காலத்தில், கோசோ செடியின் கொம்புகளை வெட்டும்போது அதன் வாழ்க்கை தொடங்குகிறது. முசுக்கொட்டைக்கு உறவான செடி அது. கொம்புகளைக் கட்டுக்கட்டாக ஆவியில் அவித்து, சூடு ஆறுவதற்குள் பட்டையை உரிக்கிறார்கள். மேல்தோலைக் கத்தியால் சீவிக் கழித்தபின் மிஞ்சுகிற வெள்ளைப் பட்டைதான் கிஃபு மாநிலத்து மினோ நகருக்கு வந்து சேர்கிறது.

அங்கே பட்டை தண்ணீரில் ஊறி, சோடா உப்புக் கரைசலில் வேகிறது. பிறகு நடக்கும் வேலைதான் என்னை மிகவும் ஈர்ப்பது. வெந்த நாரைத் தண்ணீரில் அலசி, குனிந்தபடியே ஒவ்வொரு இழையாகத் தடவித் தூசு பொறுக்குகிறார்கள். ஒரு மொட்டுத் தழும்பு, மணலளவு கறுப்புப் புள்ளி எதுவும் தப்பக்கூடாது. வெளுக்கும் ரசாயனத்துக்கு இங்கே அனுமதி கிடையாது. தாளின் வெண்மை முழுவதும் விரல்நுனியிலிருந்து வருவது. பொறுக்கிய நாரைக் கல்மேல் வைத்து மரச் சுத்தியால் அடித்துப் பிரிக்கிறார்கள். அந்தச் சுத்தியின் முகத்தில் செவ்வந்திப் பூவைப் போல வரிகள் செதுக்கியிருக்கும்.

தொட்டி நீரில் நாரோடு தொரொரோஅவோய் வேரின் கொழகொழப்பும் கலக்கிறது. நம் வெண்டைக்குப் பங்காளி அந்தச் செடி. அந்தச் சாறு இல்லாவிட்டால் நார் அடியில் தங்கிவிடும். நீரும் சட்டென்று வடிந்துவிடும். தாள் எடுப்பவர் மூங்கில் பாயைச் சட்டத்தில் பொருத்தி, தொட்டியில் முக்கி, முன்னும் பின்னும், பிறகு பக்கவாட்டிலும் ஆட்டுகிறார். இரண்டு திசையிலும் இழை பின்னிக்கொள்வதால்தான் மினோ தாளை வெளிச்சத்தில் பிடித்தால் திட்டுத்திட்டாகத் தெரிவதில்லை.

அந்த மூங்கில் பாயைச் செய்பவர் வேறொருவர். மூங்கிலை மெல்லிய குச்சிகளாகக் கிழித்து, உலோகத் தகட்டுத் துளையில் இழுத்து உருட்டி, குச்சியின் முனைகளைச் சாய்வாகச் சீவி ஒட்டுத் தெரியாமல் இணைத்து, பட்டு நூலால் கோக்கிறார்கள். குச்சி சீவுபவர் ஒருவர், பாய் பின்னுபவர் இன்னொருவர், சட்டம் செய்யும் தச்சர் மூன்றாமவர். குச்சி ஒரு மயிரிழை பிசகினால் தாளில் தெரிந்துவிடும். ஈரத் தாள்களை அடுக்கி, மெல்ல அழுத்தி நீரை இறக்கி, பலகையில் ஒட்டி வெயிலில் காயவைத்தால் தாள் தயார்.

இத்தனை கைகளில் எதைக் காட்டி, இவர்தான் செய்தார் என்பது? இந்தக் கேள்விக்கு ஜப்பான் அரசு சொன்ன பதில் எனக்குப் பிடித்தமானது. 1949 ஜனவரியில் ஹோர்யூஜி கோயிலின் பொன்மண்டபத்தில் தீப்பிடித்துப் பழம்பெரும் சுவரோவியங்கள் கருகின. அந்த அதிர்ச்சியில் 1950-இல் பண்பாட்டுச் சொத்துப் பாதுகாப்புச் சட்டம் பிறந்தது. 1954-இல் அதைத் திருத்தி, கைத்திறனையும் அதை வைத்திருப்பவர்களையும் அங்கீகரிக்க வழி செய்தார்கள். அந்த வழியில்தான் 1968-இல் இசுமோ வட்டாரத்துத் தாள் கலைஞர் அபே எய்ஷிரோ 'வாழும் தேசியப் பொக்கிஷம்' ஆனார். அடுத்த ஆண்டே மினோ தாளின் முறை வந்தது. இம்முறை தனிமனிதரை விட்டுவிட்டு, 'ஹொன்-மினோஷி ஹொசோன்காய்' என்ற பாதுகாப்புக் குழுவையே அரசு அங்கீகரித்தது. கோசோ மட்டுமே நார், தாளில் நிரப்புப் பொருள் கூடாது, பலகையில்தான் உலர்த்த வேண்டும் என்று நிபந்தனைகளும் உண்டு.

தனிமனிதருக்குத் தரும் பட்டம் அவரோடு முடிந்துவிடும். குழுவுக்குத் தந்தது, ஒருவர் போனாலும் தொடரும். அடுத்தவரைப் பழக்கும் பொறுப்பும் அந்தக் குழுவின் தலையிலேயே இருக்கும். கைத்தொழிலுக்கு இதைவிடப் பொருத்தமான மரியாதை இருப்பதாக நான் நினைக்கவில்லை. 1975 திருத்தம் இன்னொரு படி மேலே போனது. பண்பாட்டுச் சொத்தைக் காக்கத் தேவையான துணைத் திறன்களையும் அங்கீகரிக்கலாம் என்றது. அதன்படி பாயும் சட்டமும் செய்பவர்களின் அமைப்புக்கும் இடம் கிடைத்தது. எனக்கு மினோ குழுவின் அங்கீகாரத்தைவிட இதுதான் பெரியது. பாய் பின்னும் கை நின்றுவிட்டால், தொட்டியருகே நிற்கும் எந்தப் பெரிய கலைஞரும் வெறுங்கையோடுதான் நிற்க வேண்டும்.

தொரொரோஅவோய் வேர் பயிரிடுபவர்களின் பாடு இன்னும் கடினம். வேர் பருக்க வேண்டுமென்றால் மொட்டுகளைக் கையால் கிள்ளியெறிய வேண்டும். அதற்கு ஆள் இல்லை. இபராகி விவசாயிகள் சாகுபடியை நிறுத்தப்போவதாகச் சொன்னபோது தாள் ஊர்கள் கலங்கின. அங்கீகாரம் தொட்டியோடு நின்றுவிடாமல் வயல்வரை போக வேண்டும் என்று நான் அழுத்திச் சொல்வது இதனால்தான்.

யுனெஸ்கோவின் கதை வேறு. 2009-இல் ஷிமானே மாநிலத்துச் செகிஷூ தாள் அதன் பண்பாட்டு மரபுப் பட்டியலில் ஏறியது. 2011-இல் மினோ தாளுக்கான விண்ணப்பம், ஏற்கெனவே உள்ளதைப் போலவே இருக்கிறது என்று திருப்பி அனுப்பப்பட்டது. ஊர்கள் ஒன்றோடொன்று போட்டியிடவில்லை. செகிஷூ, மினோ, சைதாமா மாநிலத்தின் ஹொசோகாவா ஆகிய மூன்று வகைத் தாள்களும் சேர்ந்து, 2014-இல் 'வாஷி' என்ற ஒரே பெயரில் உள்ளே போயின.

மினோவிலிருந்து தாள் புறப்படுவது புதிதல்ல. 702-ஆம் ஆண்டுக் குடிக்கணக்கு ஏடுகளில் மினோ மாகாணத்துத் தாளும் உண்டு. நாராவின் ஷோசோயின் களஞ்சியத்தில் அவை இன்றும் இருக்கின்றன. பின்னாளில் மினோ தாள் நகாரா ஆற்றுப் படகுகளில் கட்டுக்கட்டாகப் போய் விளக்கு, குடை, விசிறி, சாளரம் என்று உருமாறியது.

இன்று அதன் முக்கியமான முகவரிகளில் ஒன்று சுருள் ஓவியங்களைப் பழுதுபார்க்கும் பட்டறை. ஓவியத்தின் பின்புறம் முதலில் ஒட்டப்படுவது மெல்லிய மினோ தாள்தான். பழுதுபார்க்கும் கலைஞர்களின் கூட்டமைப்பும் அரசு அங்கீகாரம் பெற்ற குழுவே. பின்புறத் தாளைக் கோதுமைப் பசையால் ஒட்டுவதால் நீர் தடவினால் மறுபடி உரிந்துவிடும். நூறு ஆண்டுகளுக்கு ஒருமுறை போல அந்தத் தாளை உரித்துவிட்டுப் புதியதை ஒட்டுகிறார்கள். அந்தப் புதுத் தாளை மினோவிலிருந்துதான் வாங்கியாக வேண்டும்.